ரஸ்க்காரரின் முறை

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. நீ நலமாகத்தான் இருப்பாய். மாநிலத்துக்கே சட்டம் எழுதுகிறவனுக்கு என்ன குறை?

புதிய கொள்முதல் விதிகள் என்று ஒரு கட்டு காகிதத்தை ஆஸ்பத்திரி ஸ்டோர் கிளார்க் என் கையில் கொடுத்தார். "உங்க தம்பி ஆபீஸ்ல இருந்து வந்ததும்மா" என்று ஒரு சிரிப்பு வேறு. மாவு பிசைகிற மேசையிலேயே நின்று படித்தேன். இனிமேல் கவரில் போட்டு ஒட்டிய கொட்டேஷன் கிடையாதாம். எல்லாம் கம்ப்யூட்டரில்தானாம். யார் வேண்டுமானாலும் விலை போடலாம், குறைந்த விலைக்காரருக்கு ஒரு வருட ரொட்டி ஆர்டர். அதுவரைக்கும் சரி. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் நீ உட்கார்ந்திருக்கிறாய். விலை கொடுப்பவர்கள் தங்களுக்குள் கலந்து பேசுவதும், முறை வைத்துக்கொள்வதும், ஒருவருக்காக மற்றவர் விலையை ஏற்றிக் காட்டுவதும் மோசடியாம். செய்தால் மூன்று வருடத் தடையாம். முறை வைப்பது என்று ஒன்று இருப்பதே உன் ஆபீசில் வேறு யாருக்குத் தெரியும், நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனைத் தவிர?

தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதே, நானே சொல்கிறேன். இந்த ஊரில் அடுப்பு மூன்று. நம்முடையது, ரஸ்க்காரருடையது, மொட்டையுடையது. ஆஸ்பத்திரிக்கு மூன்று கொட்டேஷன் வேண்டும். ஒரு வருடம் நமக்கு, அடுத்த வருடம் ரஸ்க்காரருக்கு, அதற்கடுத்தது மொட்டைக்கு. யாருடைய முறையோ அவர் நியாயமான விலை எழுதுவார், மற்ற இருவரும் கொஞ்சம் ஏற்றி எழுதுவார்கள். ஆர்டர் எடுத்தவர் தன் அடுப்பு கொள்ளாததை மற்ற இரண்டு அடுப்புக்கும் பிரித்துக் கொடுப்பார். அப்பா காலத்திலிருந்து இப்படித்தான், மூன்றில் ஒரு அடுப்பும் அணைந்ததில்லை. அந்த மூன்று கொட்டேஷனையும் எழுதியது யார்? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று, அத்தானுடைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண் மங்க ஒன்று. மொட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "என் எழுத்து இவ்வளவு அழகா இருந்தா எவன் நம்புவான்? கொஞ்சம் கெடுத்து எழுதுப்பா" என்றார். நாம் எல்லோரும் சிரித்தோம். உனக்கு மறந்து போயிருக்கும்.

இந்த விதியை எந்தக் கையால் எழுதினாய்?

"அவன் எழுதறது அவன் வேலை, நீ சுடறது உன் வேலை, விடு" என்கிறார் அத்தான். அவருக்கென்ன, மாவுத்தூசி நெஞ்சில் ஏறி நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி ரொட்டி போனால் இந்த அடுப்புக்கு விறகு வாங்கக்கூட வழியில்லை. கடையில் விற்பது ஈஸ்டுக்கும் காணாது. இங்கே மாவு உருட்டுகிற பெண்களில் பாதிப்பேர் உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவர்கள். அவர்கள் வயிற்றில் அடித்துவிட்டாய்.

உன் நம்பரை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். இந்த வாசல் படியை மிதிக்காதே. இன்றிலிருந்து எனக்குத் தம்பி என்று ஒருவன் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, யோசித்துத்தான் எழுதுகிறேன். கையெழுத்தும் போடுகிறேன்.

பேக்கரி உரிமையாளர்


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இல்லை என்று சொல்கிற கடிதத்தையும் 'தம்பிக்கு' என்றுதான் ஆரம்பித்திருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

எழுதியது நான்தான். வலது கையால். ஏன் எழுதினேன் என்று மட்டும் கேட்டுவிடு, பிறகு என்ன வேண்டுமானாலும் திட்டு.

போன வருடம் வேறொரு மாவட்டத்தில் ஆய்வுக்குப் போனேன். குழந்தைகள் வார்டு. தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்துப் பார்த்தேன், உள்ளே பச்சைப் பூஞ்சை பூத்திருந்தது. ஒரு குழந்தையின் அம்மா என்னிடம், "இதைக் காசு குடுத்தா சார் வாங்குறீங்க?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கொள்முதல் ஃபைலை வரவழைத்தேன். மூன்று கொட்டேஷனும் ஒழுங்காக இருந்தன. மூன்றும் ஒரே ஆள் எழுதியவை. சாய்வை மாற்றியிருந்தான், மையை மாற்றியிருந்தான், ஆனால் பேனாவை அழுத்துகிற விதத்தை மாற்றத் தெரியவில்லை. எனக்குத் தெரியாத வித்தையா அது? விசாரித்தால், ஒரே முதலாளி, மூன்று பெயர்ப்பலகை. எந்த அடுப்பையும் அணையாமல் காப்பதற்கு அவன் முறை வைக்கவில்லை.

திரும்பி வந்து எழுத உட்கார்ந்தபோது நம் சாப்பாட்டு மேசையை நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டேதான் எழுதினேன். நல்லவர்கள் வைத்துக்கொண்ட முறை, கெட்டவன் வைத்துக்கொண்ட முறை என்று பிரித்துப் பார்க்கிற மாதிரி ஒரு விதியை எழுத எனக்குத் தெரியவில்லை அக்கா. யாருக்குத் தெரியும் என்றும் தெரியவில்லை.

மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர் என்றுதான் மேலதிகாரி அம்மா முடிவு செய்திருந்தார். அப்படி வந்திருந்தால் உன்னால் வாசலைக்கூடத் தொட முடியாது. ரொட்டி லாரியில் ஒரு பகல் முழுக்க வந்தால் என்ன ஆகும் என்று மல்லுக்கட்டி, மாவட்டத்துக்கு ஒன்று என்று மாற்ற வைத்தேன். "யாருக்காகப் பேசுறீங்க?" என்று கேட்டார். லாரி வாடகைக் கணக்கை எடுத்து நீட்டினேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். தனியாகப் போடு. உன் செலவைப் பார்த்து, உன்னால் எவ்வளவு குறைக்க முடியுமோ அந்த விலையைப் போடு. வெளியூர்க்காரன் எவனும் நம் அடுப்பின் விலைக்கு இறங்க முடியாது. மற்ற இருவரிடமும் விலை பற்றி வாயைத் திறக்காதே. கடைசியில் ஒரு உறுதிமொழி வரும், இந்த விலையை நானாகத் தீர்மானித்தேன் என்று. அது உண்மையாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடு.

டெண்டர் அறிவித்த பிறகு விலை போடுகிறவர்களோடு நாங்கள் எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ளக் கூடாது. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். இந்தக் கடிதம் எழுதுவதே தப்பு. அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறதா?

தம்பி


மார்ச் 3

கொள்முதல் அலுவலர் அவர்களுக்கு,

போட்டாயிற்று.

மூன்று பேரும் சேர்ந்தேதான் போனோம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற பிரௌசிங் சென்டருக்கு. தனியாகப் போக மூன்று பேருக்குமே உள்ளூரப் பயம். ரஸ்க்காரர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, போட்டோ எடுக்க வந்தவர் மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் விறைப்பாக உட்கார்ந்தார். மொட்டை பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இதுல எங்க கவரை ஒட்டுறது?" என்று கேட்டு அங்கே இருந்த பெண்ணைச் சிரிக்க வைத்தார். நல்ல பெண். மூன்று பேருடையதையும் அவளே ஒரே இடத்தில் உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தாள்.

இந்த வருடம் ரஸ்க்காரரின் முறை. அவருடையதை முதலில் போட்டோம். நானும் மொட்டையும் வழக்கம்போல ஏற்றிப் போட்டோம்.

அந்த உறுதிமொழியை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நானாகத் தீர்மானித்தேன் என்று இருந்தது. நின்று நிதானமாக யோசித்தேன். யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. ரஸ்க்காரர் ஒரு வார்த்தை கேட்டாரா? அவர் வாயே திறக்கவில்லை. அவருக்கு விட்டுக்கொடுப்பது என்று நானாகத்தான் தீர்மானித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. போட்டுவிட்டேன் கையெழுத்து.

குறைத்துப் போடு என்று நீ எழுதியதை மறக்கவில்லை. போட்டிருக்கலாம். போன வருடம் நம் முறை, அந்த மனிதர் வருடம் முழுக்க நாம் கொடுத்த மிச்சத்தைச் சுட்டுக்கொண்டு பொறுமையாக இருந்தார். இப்போது அவர் வருடத்தில் நான் கையை நீட்டினால், விடிந்தால் கடை திறக்கும்போது அவர் முகத்தில் எப்படி விழிப்பது? இதற்கெல்லாம் உன் விதியில் இடம் இல்லையென்றால் அது உன் விதியின் குறை.

உன்னோடு உறவாட இதை எழுதவில்லை. ஒரு சந்தேகம். மூன்று பேருக்கும் பச்சை எழுத்தில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்தது. பச்சை என்றால் சரிதானே? அதை மட்டும் சொல்.

பேக்கரி உரிமையாளர்


மார்ச் 12

அக்கா,

பச்சை என்றால் வந்து சேர்ந்தது என்றுதான் அர்த்தம். வேறொன்றும் இல்லை.

மூன்று விலையும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்ததை மெஷின் பிடித்துவிட்டது. அந்தச் சோதனையை மெஷினில் வைக்கச் சொன்னவனும் நான்தான். ஃபைல் பக்கத்து மேசையில் கிடக்கிறது. தண்ணீர் குடிக்க எழுந்தால் உன் பேக்கரியின் பெயர் கண்ணில் படுகிறது. பார்த்த நிமிடமே 'இவர் என் அக்கா, இந்த ஃபைல் இருக்கிற அறையில் நான் இருக்கக் கூடாது' என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுத வரவில்லை.

நாலாவதாக ஒருவன் விலை போட்டிருக்கிறான். யார் தெரியுமா? பச்சை பூத்த ரொட்டிக்காரன். உங்கள் மூன்று பேர் விலையும் அவன் விலையை விடக் குறைவு. நீங்கள் மூன்று பேரும் விழுந்தால் ஆர்டர் அவன் மடியில்.

தடை என்றால் ஆஸ்பத்திரியோடு போகாது. ஹாஸ்டல், பள்ளிக்கூடம், ஜெயில், எந்த அரசு இடத்துக்கும் மூன்று வருடம் நீ ஒரு துண்டு ரொட்டி கொடுக்க முடியாது. ஆர்டர் எடுத்தவர் உன் அடுப்பில் சுட்டு வாங்கினால் அவருக்கும் தடை. பிரித்துக் கொடுக்கிற பேச்சே இனி இல்லை.

ஒரு வழி இருக்கிறது. உன்னிடம் இருக்கிற விதிக் கட்டில் கடைசிப் பக்கம், கடைசிப் பத்தி. நோட்டீஸ் வந்த பிறகு, கூட்டுச் சேர்ந்தவர்களில் யார் முதலில் மண்டல அலுவலகத்துக்கு வந்து, எதையும் மறைக்காமல் நடந்தது முழுவதையும் சொல்கிறாரோ, அவருக்குத் தடை இல்லை. அவர் போட்ட விலை நிற்கும். முதல் ஆளுக்கு மட்டும். இரண்டாவதாக வருகிறவர் என்ன அழுதாலும் கிடையாது. பெரிய முதலாளிகள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக வைத்தது.

நீ போ. நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே போ. அவர்கள் இரண்டு பேரையும் நினைக்காதே. அவர்களையும் எனக்குத் தெரியும், அவர்கள் கடை பன்னைத் தின்றுதான் நானும் வளர்ந்தேன், எல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அப்பா கையால் அடுக்கிய செங்கல் அது. அது அணையக் கூடாது. எனக்கு வேறு எதுவும் இப்போது தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

தம்பி


மார்ச் 20

தம்பி,

அடுப்பில் போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நோட்டீஸ் வந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் போவதாகத்தான் இருந்தேன். நல்ல துணி மாற்றிக்கொண்டேன். உன் கடிதத்தையும் நோட்டீஸையும் பையில் வைத்துக்கொண்டேன். எங்கே போகிறாய் என்று அத்தான் கேட்டார், மருந்து வாங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ரஸ்க்காரர் கடை. வேறு சந்தில் போயிருக்கலாம், கால் பழகிய வழியிலேயே போய்விட்டது. அவர் வெளியே வந்து, "என்னம்மா, இந்த வெயில்ல? தண்ணி குடிச்சுட்டுப் போ" என்றார்.

தண்ணீர் குடித்தேன். பிறகு உன் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் படித்து முடித்து, ஆளை அனுப்பி மொட்டையைக் கூப்பிட்டார். மூன்று பேரும் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தோம். மொட்டைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "யாராவது ஒருத்தர் போய் மத்த ரெண்டு பேர் கழுத்தையும் அறுக்கணும், அதானே? நல்லாத்தான் எழுதியிருக்கான் உன் தம்பி" என்றார். அப்புறம் மொட்டையே கேட்டார், "இந்த வருஷம் யார் முறை?"

"அவருடையது" என்றேன்.

"அப்ப அவர் போகட்டும்."

ரஸ்க்காரர் எழுந்துவிட்டார். "உங்களைக் காட்டிக்குடுத்துட்டு நான் மட்டும் அடுப்பு எரிக்கவா? முடியாது. இந்தம்மா போகட்டும், வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல."

"அது எப்படிங்க?" என்றார் மொட்டை. "நமக்கு வசதியா இருக்கறப்ப முறை, வசதி இல்லாதப்ப மாத்திக்கறதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். மாற்றிக்கொள்ளலாம் என்று மொட்டை வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று இருந்தது. வந்திருந்தால் சரி என்று எழுந்து போயிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். வரவில்லை. இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நான்தான் சொன்னேன், முறை முறைதான் என்று. எனக்கென்று எடுத்து வைத்திருந்த பையை ரஸ்க்காரர் கையில் கொடுத்து, மொட்டை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். இனி இதில் என்ன சுடுவது? யாருக்குச் சுடுவது? விறகுக்காரருக்கு என்ன சொல்வது, பெண்களுக்கு என்ன சொல்வது? எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தானிடம் சொன்னால் இருமல் கூடிவிடும். பயமாக இருக்கிறது என்று சொல்ல உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் உன் கடிதத்தை எரிக்கவில்லை.

அக்கா


மார்ச் 25

அக்கா,

ஏன் போகவில்லை என்று உன்னைக் கேட்கக் கூடாது என்று நினைத்து உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏன் போகவில்லை? பையை எடுத்தவள், நல்ல துணி மாற்றியவள், ஒரு டம்ளர் தண்ணீருக்காகவா அடுப்பைக் கொடுத்துவிட்டு வந்தாய்? உனக்கு வேறு எப்படியும் இருக்க வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது. வேலை தலைக்கு மேல் கிடக்க, நான் மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று. நேற்றுத்தான் உறைத்தது. எதையும் மறைக்காமல் என்று எழுதி வைத்தேனே, ரஸ்க்காரருக்கு எதையாவது மறைக்கத் தெரியுமா? "இது நேத்துச் சுட்டது, வேணாம், நாளைக்கு வாங்க" என்று வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்புகிற மனிதர். அந்தப் பத்தியைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று அங்கே கேட்டிருப்பார்களே. என் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள் என்று அவரிடம் நீயோ மொட்டையோ சொல்லி அனுப்பினீர்களா?

இன்று மத்தியானம் மேலதிகாரி அம்மா என்னை அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று சொல்லவில்லை. வழக்கமாக எதற்கு என்று சொல்லித்தான் கூப்பிடுவார்.

தம்பி


ஏப்ரல் 4

தம்பி,

சொல்லி அனுப்பவில்லை. மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை. நீ எங்களுக்கு அதிகாரி இல்லையே, வீட்டுப் பிள்ளை. உன்னை யாரிடமிருந்து மறைப்பது என்று யாருக்குத் தோன்றும்?

ரஸ்க்காரர் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். "எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. எதையும் மறைக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லிட்டேன். தம்பி லெட்டர் போட்டதைச் சொன்னேன். சின்ன வயசுல மூணு கையெழுத்துல எழுதிக் குடுத்ததையும் சொன்னேன். ரொம்பக் கெட்டிக்காரப் பையன், அவன் இல்லாட்டி எங்களுக்கு இந்தப் பத்தியே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னேன்." உன்னைப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்லித் திட்டுவது? உன் கடிதம் வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். திரும்பப் போய், சொன்னதெல்லாம் பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று செருப்பைத் தேடினார். மொட்டைதான் இழுத்துப் பிடித்தார். "இப்பப் பொய்ன்னு சொன்னீங்கன்னா உங்க அடுப்பும் போயிடும். எங்களுக்கு இருக்கறதே அது ஒண்ணுதான்" என்றார்.

எனக்கும் மொட்டைக்கும் தடை உத்தரவு வந்துவிட்டது. அடுப்பை அணைத்தோம். அணைத்தோம் என்று என்ன எழுதுகிறேன், விறகு வைக்காமல் விட்டோம், அதுவாக அணைந்தது. செங்கல் உடனே ஆறவில்லை. அத்தான் நாற்காலியை அடுப்பு ஓரமாக இழுத்துப் போட்டு, உள்ளங்கையைச் செங்கல் மேல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. "இன்னும் சூடு இருக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றுக் கையை எடுத்துவிட்டார். நான் கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது ரஸ்க்காரர் கடையில்தான் மாவு பிசைகிறேன். தடை கடைக்குத்தானே, கைக்கு இல்லையே. மொட்டை அங்கே விறகு பிளக்கிறார், பிளந்துகொண்டே என் அடுப்பில் இவ்வளவு விறகு செலவாகாது என்று குறை சொல்கிறார். ஒரே அடுப்பில் எத்தனை பேர் நிற்க முடியும்? நம் பெண்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். போகும்போது ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன பண்ணுவே" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ரஸ்க்காரர் இன்னமும் என்னை "முதலாளியம்மா" என்கிறார், அவரிடம் கூலி வாங்குகிற என்னை. ஆஸ்பத்திரிக்கு நல்ல ரொட்டி போகிறது. நடந்ததில் அது ஒன்றுதான் நல்லது.

இதெல்லாம் இருக்கட்டும். உன்னை விசாரிக்கிறார்களாம், வேலை நிற்காது என்று ஸ்டோர் கிளார்க் சொன்னார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நான் பிப்ரவரியில் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கும். எனக்குத் தம்பி இல்லை என்று தெளிவாக எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டு. முறைத்துக்கொண்டு உறவை அறுத்தவளுக்கு எவனாவது சலுகை காட்டுவானா என்று கேள். ரஸ்க்காரர் வயதானவர், எதையோ உளறிவிட்டார் என்று சொல். என்னைக் கூப்பிட்டுக் கேட்டாலும் வருகிறேன். வந்து எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், எனக்குத் தம்பி கிடையாது, அவன் எனக்குக் கடிதமே போட்டதில்லை என்று. சொல்வதற்கு எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மூன்று பேரில் ஒருவருக்காவது அடுப்பு மிஞ்சியது. நம் இரண்டு பேரில் உனக்காவது மிஞ்சட்டும்.

உரிமையாளர் என்று இனி எழுத முடியாது. அக்கா என்று எழுதினால் யார் கையிலாவது சிக்கி உனக்கே கெடுதலாகும். அதனால் இந்தக் கடிதத்துக்குக் கீழே எதுவும் எழுதாமல் விடுகிறேன்.


ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதைத்தான் செய்யப் போனேன். உன்னிடம் நல்லவன் வேஷம் போட விரும்பவில்லை. உன் பிப்ரவரி கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விசாரணைக்குப் போனேன். வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் இந்த வேலையை விட்டால் வேறு பிழைப்புத் தெரியாது.

ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். விலை போட்டவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம். அந்த உறவு இப்போது இருக்கிறதா என்று அதற்குக் கீழே ஒன்று. இல்லை என்றால் ஆதாரம் இணைக்கவும் என்று அதற்கும் கீழே. பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்களில் அப்பாவிகள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அதையும் நான்தான் சேர்த்திருந்தேன். மேலதிகாரி அம்மா அறையைச் சாத்தச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "வீட்ல சண்டை, வருஷக்கணக்கா பேசுறதில்லன்னு ஏதாவது இருந்தா எழுதுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. ஒன்பது இடத்தில் கையெழுத்துக் கேட்கிறவர்.

பேனாவை எடுத்தேன். முதல் கட்டத்தில் 'அக்கா' என்று எழுதினேன். அந்த வார்த்தையை எழுதிவிட்டுக் கீழே 'இல்லை' என்று எழுத வேண்டும். கடிதம் பைக்குள் இருக்கிறது. அத்தான் செங்கல் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கை நகரவில்லை. வலது கைதான். அந்த அம்மா ரொம்ப நேரம் காத்திருந்தார். கடைசியில் 'இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். உறவு இருக்கிறது என்றால் ஆதாரம் கேட்பதில்லை.

வேலை போய்விட்டது. ஆபீஸ் கொடுத்திருந்த அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வருகிறேன். வாசல் படியை மிதிக்காதே என்று சொல்லியிருக்கிறாய், விறகு இறக்குகிற பக்கத்துக் கதவு வழியாக வந்துவிடுகிறேன். ரஸ்க்காரரைத் திட்டாதே. கெட்டிக்காரப் பையன் என்று அவர் சொன்னதை ஃபைலில் அப்படியே பதிந்திருக்கிறார்கள், என்னைப் பற்றி அந்த ஃபைலில் இருக்கிற ஒரே நல்ல வார்த்தை அது. அவரிடம் ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டு வை. ஒருவருக்கும் இடமில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், ஆனாலும் கேள். மாவு பிசைவது மறந்திருக்கும். மொட்டையோடு விறகு சுமக்கலாம்.

உன் பிப்ரவரி கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. வந்ததும் இரண்டு பேருமாக அதை நம் அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு மடித்து வைத்தேன். மடித்து வைத்த பிறகுதான் நினைவு வந்தது.

தம்பி